பழைய டீசல் லொறியை மீண்டும் உழைக்க வைத்தல்: குறைந்த செலவில் எரிபொருள் தொகுதியும் டர்போவும்

ஊருக்குத் திரும்பும் உங்கள் கையில் எஞ்சியிருப்பது ஒரு பழைய லொறியாக இருக்கலாம். நெல், சீமெந்து, கல், தேங்காய் ஏற்றி அதுவே குடும்பத்துக்குச் சோறு போட வேண்டிய நிலையும் இருக்கலாம். ஆனால் மாதக்கணக்கில், சிலவேளை வருடக்கணக்கில் ஓடாமல் நின்ற எஞ்சின் பாரம் இழுக்காது. கறுப்புப் புகை தள்ளும். டீசலை அதிகம் குடிக்கும். "ஒரு டர்போவைப் பூட்டினால் எல்லாம் சரி" என்று யாராவது சொல்லக்கூடும். அதற்காகக் கடன் வாங்குவதற்கு முன்னர், நகையை அடகு வைப்பதற்கு முன்னர் இதை வாசியுங்கள். எந்த வேலை முதலில், எது பிறகு, எது வேண்டவே வேண்டாம் என்பதை ஒழுங்காகத் தருகிறோம்.

முதலில் பாதுகாப்பு

வாகனம் காணியிலோ காட்டோரத்திலோ கைவிடப்பட்டிருந்தால், அந்த இடம் கண்ணிவெடி அகற்றப்பட்டது என உறுதியாகத் தெரியும்வரை கிட்டப் போக வேண்டாம். வாகனத்துக்குள்ளும் அடியிலும் வெடிபொருட்கள் இருக்கலாம். சந்தேகமான எதையும் தொடாமல் கிராம அலுவலருக்கு அல்லது பொலிசாருக்கு அறிவியுங்கள். பிள்ளைகளையும் அவ்விடத்துக்கு விடாதீர்கள்.

டீசல் எஞ்சின் எப்படிப் பலம் எடுக்கிறது?

1 கிலோ டீசல் முழுமையாக எரிவதற்கு ஏறக்குறைய 14.5 கிலோ காற்று வேண்டும். நடைமுறையில் இதைவிடக் கூடுதலான காற்று தேவை. டீசல் கூடி, காற்று குறைந்தால் எரியாத மிச்சம் கறுப்புப் புகையாக வெளியேறும். அந்தப் புகை நீங்கள் காசு கொடுத்து வாங்கிய டீசல். எனவே கறுப்புப் புகை தள்ளும் லொறிக்கு மேலும் டீசல் கொடுப்பதில் பயனில்லை. இருக்கும் டீசல் சரியாகத் தெறிக்கவும், காற்றுத் தடையின்றிப் போகவும் வழி செய்ய வேண்டும்.

படி 1: டாங்கி, குழாய், பில்டர்

செலவு மிகக் குறைந்த, பலன் மிகக் கூடிய வேலை இதுதான்.

• நின்ற லொறியின் டாங்கியில் அடியில் தண்ணீரும் சேறு போன்ற படிவும் இருக்கும். பழைய டீசலை முழுவதுமாக இறக்கி, டாங்கியைக் கழற்றிக் கழுவிக் காய வையுங்கள். இதைச் செய்யாமல் எஞ்சினை இயக்கினால் அந்தத் தண்ணீர் பம்பையும் நொசில்களையும் அரித்துவிடும்.
• வெடித்த றப்பர் குழாய்களை மாற்றுங்கள். டீசல் ஒழுகாவிட்டாலும் அவற்றினூடாகக் காற்று உள்ளே இழுபடலாம்.
• டீசல் பில்டரையும் எயார் கிளீனரையும் புதிதாகப் போடுங்கள். செம்மண் வீதிகளில் ஓடும் லொறிக்கு எயார் கிளீனர் சீக்கிரம் அடைபடும்.
• பிறகு எயார் எடுங்கள்: பில்டருக்கு மேலுள்ள சிறிய திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அமத்திக்கொண்டே இருங்கள். குமிழி இல்லாமல் டீசல் வரும்போது திருகை இறுக்குங்கள்.

தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டிய அனுபவம் எம்மவர் பலருக்கு உண்டு. அன்று வேறு வழியிருக்கவில்லை. இன்று அதைத் தொடர வேண்டாம். டீசல் பம்பின் உள்ளுறுப்புகளுக்கு டீசலே வழுவழுப்பைத் தருகிறது. மண்ணெண்ணெயில் அது குறைவு என்பதால் பம்பு தேய்ந்துவிடும். லீற்றருக்குச் சில ரூபாய் மிச்சம் பிடித்து, பம்புக்குப் பெருந்தொகை கட்ட வேண்டி வரும்.

படி 2: நொசிலும் பம்பும்

நொசில்களைக் கழற்றி, டீசல் பம்பு வேலை செய்யும் கடையில் சோதனை இயந்திரத்தில் போட்டுப் பாருங்கள். டீசல் பனிபோலச் சீராகத் தெறிக்க வேண்டும், சொட்டக் கூடாது, எல்லா நொசில்களும் ஒரே அழுத்தத்தில் திறக்க வேண்டும். பெரும்பாலும் நுனியை மட்டும் மாற்றினால் போதும். மீண்டும் பூட்டும்போது செப்பு வாசர்களைப் புதிதாகப் போடுங்கள்.

பம்பிலுள்ள டீசல் திருகைக் கூட்டிவிட்டால் இழுவை கூடும் என்பார்கள். காற்று கூடாமல் டீசல் மட்டும் கூடினால் எஞ்சினுக்குள் சூடு ஏறும். வெளியேறும் வாயுவின் வெப்பம் 700 பாகை செல்சியசைத் தாண்டி நீடித்தால் பிஸ்டனும் வால்வும் பழுதாகலாம். பம்பைச் சோதனை மேசையில் அளந்தே சரிசெய்ய வேண்டும்.

கவனம்: நொசில் தெறிக்கும்போது அதன் முன் கையை வைக்க வேண்டாம். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். சிறு ஊசிக்குத்துப் போலத் தெரிந்தாலும் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். காலம் தாழ்த்தினால் விரலை, கையை இழக்க நேரிடலாம்.

படி 3: டர்போ ஏற்கெனவே இருந்தால்

புதிய டர்போ வாங்குமுன், இருப்பதைப் பாருங்கள்.

• எஞ்சின் ஆறியபின் காற்றுக் குழாயைக் கழற்றி, டர்போவின் தண்டை விரலால் அசையுங்கள். பக்கவாட்டில் மிகச் சிறிய ஆட்டம் இருக்கலாம். சக்கரம் சுவரில் உரசக் கூடாது. உள்ளே வெளியே இழுக்கும்போது ஆட்டம் தெரிந்தால் தண்டு தேய்ந்துவிட்டது.
• குழாய் இணைப்புகளில் சவர்க்கார நீர் பூசி, எஞ்சினை இயக்கிப் பாருங்கள். குமிழி வரும் இடத்தில் காற்று கசிகிறது. ஒரு கிளிப்பை மாற்றினாலே இழுவை திரும்பக்கூடும்.
• எஞ்சின் ஒயிலையும் ஒயில் பில்டரையும் மாற்றுங்கள். நிமிடத்துக்கு 100,000 சுற்றுக்கு மேலும் சுழலக்கூடிய அந்தத் தண்டைக் காப்பது ஒயில் மட்டுமே. ஒயில் வரும் குழாய் அடைபட்டிருந்தால், புதிய டர்போவும் விரைவில் போய்விடும்.
• பாரம் இழுத்து வந்தபின் உடனே நிறுத்தாமல், 2 நிமிடமாவது எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு நிறுத்துங்கள்.

தேய்ந்த டர்போவிலிருந்து ஒயில் காற்றுக் குழாய்க்குள் போனால், சாவியைத் திருப்பினாலும் எஞ்சின் நிற்காமல் வேகமெடுக்கலாம். அப்போது காற்று உட்செல்லும் வாயைத் தட்டையான பலகையால் அடையுங்கள். கையாலோ துணியாலோ அடைக்க வேண்டாம்.

படி 4: டர்போ இல்லாத எஞ்சினுக்குப் பூட்டலாமா?

எமது பகுதிகளில் ஓடும் பழைய கன்டர், எல்ஃப் லொறிகள் பலவற்றின் எஞ்சின்கள் டர்போ இல்லாமலே வடிவமைக்கப்பட்டவை. அவற்றின் பிஸ்டன், ஹெட் காஸ்கட், குளிரூட்டல் எல்லாம் அந்த அளவுக்கே உரியவை. பஞ்சிகாவத்தையிலிருந்து வரும் பழைய டர்போ மலிவாகத் தோன்றலாம். ஆனால் அதற்கு ஒயில் குழாய், மனிபோல்ட், பம்பு மாற்றம் எல்லாம் வேண்டும். காஸ்கட் போனால் லொறியும் நிற்கும், கடனும் நிற்கும். லொறி மட்டுமே வருமானம் என்றால் இதைச் செய்யாதீர்கள். முதல் இரண்டு படிகளை ஒழுங்காக முடித்த எஞ்சின், தன் அளவான பாரத்தை இழுக்கும்.

புகையைப் பார்த்து அறியுங்கள்

கறுப்பு: காற்று போதாது, அல்லது நொசில் பழுது.
வெள்ளை: டீசல் எரியவில்லை, அல்லது தண்ணீர் உள்ளே போகிறது.
நீலம்: ஒயில் எரிகிறது.

கராஜுக்குப் போகும்போது

• செய்யும் வேலை, போடும் பொருள், கூலி ஆகியவற்றை முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள்.
• ஒரு படியை முடித்து, ஓட்டிப் பார்த்தபின் அடுத்ததற்குப் பணம் கொடுங்கள்.
• கழற்றிய பழைய உறுப்புகளைக் கேட்டு வாங்குங்கள்.
• எஞ்சினையே மாற்றினால் புதிய எஞ்சின் இலக்கத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டும். வருடாந்த வருமான அனுமதிப்பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் தேவை. நொசிலைச் சரிசெய்தபின் பரிசோதனைக்குப் போவது நல்லது.

லொறி ஓடத் தொடங்கியதும் ஒரு கொப்பியில் ஒவ்வொரு நாளும் ஓடிய கிலோமீற்றரையும் அடித்த டீசலையும் எழுதி வாருங்கள். செய்த வேலை பலன் தந்ததா என்பதை அந்தக் கணக்கு காட்டும். அடுத்த செலவைத் தீர்மானிக்கும்போது அதையே பாருங்கள்.