உறங்கும் செயலியும் அறுபடும் ஒலியும்

பள்ளியிலுள்ள கணிப்பொறியில் பாடமொன்றை ஒலிப்பதிவு செய்கிறோம். கருவி புதியது, ஒலிவாங்கியும் தரமானது. ஆயினும் பதிந்ததைத் திரும்பக் கேட்குங்கால் இடையிடையே ‘டிக்’ என்னும் வெட்டொலி எழுகிறது. சொல்லில் ஓரெழுத்து விழுங்கப்பட்டிருக்கிறது. செயலியின் வேலைப்பளுவைப் பார்த்தாலோ, அது தன் திறனில் ஐந்தில் ஒரு பங்கைக்கூடப் பயன்படுத்தவில்லை. இத்துணை ஓய்வாக உள்ள யந்திரம் தடுமாறுவானேன்? அது அளவுக்கு மீறி ஓய்வெடுப்பதே பல சமயங்களில் காரணமாகும்.

ஒலி கணிப்பொறிக்குள் எண்களாகச் செல்கிறது. விநாடிக்கு 48,000 மாதிரிகள் எடுப்பது வழக்கம். இவை ஒவ்வொன்றாகக் கையாளப்படுவதில்லை. சிறு சிறு தொகுதிகளாகச் சேர்த்தே செயலியிடம் தரப்படுகின்றன. ஒரு தொகுதி ஒலித்து முடிவதற்குள் அடுத்தது ஆயத்தமாக இருத்தல் வேண்டும். தொகுதிக்கு 1,024 மாதிரிகள் என்றால் கெடு ஏறத்தாழ 21 மில்லி விநாடி. 256 என்றால் 5.3, 64 என்றால் 1.33 மட்டுமே. கெடு தவறினால் அந்த இடத்தில் ஒலி அறுபடும். ஒரு மணி நேரத்தின் சராசரி வேலைப்பளு எவ்வளவு குறைவாயினும், தவறிய ஒரு கெடுவை அது ஈடுசெய்யாது.

பெரிய தொகுதியையே வைத்துக்கொள்ளலாமே எனில், பாடுபவர் தம் குரலைக் கணிப்பொறி வழியாகவே காதில் கேட்டுக்கொண்டு பாடும்போது அது இயலாது. காற்றில் ஒலி ஒரு மில்லி விநாடியில் சுமார் 34 சென்டிமீட்டர் செல்கிறது. இரண்டு மீட்டர் தள்ளி அமர்ந்த தபலாக்காரரின் வாசிப்பு சுமார் ஆறு மில்லி விநாடி தாமதித்தே பாடகரை எட்டுகிறது. அது எவருக்கும் இடையூறாவதில்லை. ஆனால் உள்வரும் தொகுதி, வெளிச்செல்லும் தொகுதி இரண்டும் 1,024 ஆனால் தாமதம் 40 மில்லி விநாடியைத் தாண்டும். அந்நிலையில் தாளம் நிற்காது.

இனிச் செயலியின் பக்கம் வருவோம். அது மின்சக்தியைச் சிக்கனப்படுத்தும் வழிகள் இரண்டு. முதலாவது, வேகத்தைக் குறைப்பது. மின்சக்திச் செலவு துடிப்பு வேகத்திற்கும் மின்னழுத்தத்தின் வர்க்கத்திற்கும் ஏற்ப அமைகிறது; வேகம் குறைந்தால் அழுத்தத்தையும் குறைக்கலாம், ஆகவே சேமிப்பு பெரிது. இரண்டாவது, உறங்குவது. (‘உறக்கம்’ என்ற சொல்லை ஆங்கில நூல்களே ஆள்கின்றன, மொழிபெயர்ப்பவனுக்கு இத்தகைய சலுகை அடிக்கடி வாய்ப்பதில்லை.) உறக்கம் சி1 என்னும் கோழித்தூக்கம் முதல் சி10 என்னும் ஆழ்துயில் வரை படிப்படியானது. 2015-இல் வெளிவந்த இன்டெல் ‘ஸ்கைலேக்’ செயலிகளுக்கு லினக்ஸ் கொண்டுள்ள அட்டவணையில், சி1-லிருந்து விழித்தெழ 2 மைக்ரோ விநாடியும், சி6-லிருந்து 85-உம், சி10-லிருந்து 890-உம் குறிக்கப்பட்டுள்ளன. 64 மாதிரிக்குரிய கெடு 1,333 மைக்ரோ விநாடி. ஆழ்துயிலிலிருந்து எழுவதற்கே அதில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டால், வேலைக்கு எஞ்சுவது யாது?

வேகக் குறைப்பும் தன் பங்குக்குத் தொல்லை தரும். ஒலி வேலை கணத்தில் முடிந்துவிடுவதால் ‘வேலை குறைவு’ எனக் கருதி வேகம் தாழ்த்தப்படுகிறது. எதிரொலி முதலிய கனமான கணக்கு திடீரென வந்தால், வேகம் ஏறுவதற்குள் கெடு கடந்துவிடுகிறது.

பரிகாரம் எளிது. விண்டோஸில் மின்சக்தித் திட்டத்தை ‘ஹை பெர்ஃபாமன்ஸ்’ என மாற்றி, செயலியின் குறைந்தபட்ச நிலையை 100 விழுக்காடு என வைக்கலாம். யுஎஸ்பி இணைப்புகள் தாமே உறங்கும் ஏற்பாட்டையும் நிறுத்துவது நலம். லினக்ஸில் ‘கவர்னர்’ எனப்படும் வேகக் கட்டுப்பாட்டை ‘பெர்ஃபாமன்ஸ்’ ஆக்குவர். விழித்தெழும் தாமதம் இத்தனை மைக்ரோ விநாடிக்கு மேற்படலாகாது என ஒலிப்பதிவு நிரலே கோருவதற்கும் அங்கு வழியுண்டு. நிரல் மூடப்பட்டதும் கோரிக்கை தானே நீங்கும். இம்முறையே எமக்கு உகந்ததாகத் தோன்றுகிறது.

உறக்கத்தை அறவே ஒழித்துவிடலாம் என்று சிலர் துணிகின்றனர், அது மிகை. ஒரு செயலியில் பல உள்ளகங்கள் உள்ளன. சில ஆழ்ந்து உறங்கினால்தான் அவை விட்டுக்கொடுத்த சக்தியையும் உஷ்ண வரம்பையும் கொண்டு மற்றொன்று மிகுவேகம் எட்ட முடியும். எல்லாவற்றையும் விழித்திருக்கச் செய்தால் அந்த மிகுவேகம் குறையும். மடிக்கணினி சூடேறித் தானே வேகத்தைத் தாழ்த்திக்கொள்ளவும் கூடும். ஆழ்துயிலை மட்டும் தடுத்து, கோழித்தூக்கத்தை விட்டுவைப்பதே தக்கது.

களப்பணியாளர் நிலைமை வேறு. சிற்றூரில் முதியவர் ஒருவரின் வழக்காறுகளைப் பதிவு செய்கையில் மின்கலம் பாதியில் தீர்ந்தால், விடுபட்ட பேச்சு மீண்டும் கிட்டாமலே போகலாம். அங்கே பேசுபவர் தம் குரலைக் காதில் கேட்கத் தேவையில்லை. ஆகவே தாமதமும் பொருட்டன்று. தொகுதியை 1,024 என வைத்துச் செயலியைச் சிக்கன நிலையிலேயே விடுக. மாற்றங்கள் எல்லாம் செய்தபின்னரும் வெட்டொலி நீங்காவிடில், கம்பியில்லா வலையிணைப்பை நிறுத்திப் பார்க்கவும். அதன் இயக்கி நிரல் செயலியை நெடுநேரம் பிடித்து வைத்திருப்பதும் உண்டு.