எம்.ஆர்.ஐ. அறையில் ஓர் ஆக்சிஜன் காவல்

எம்.ஆர்.ஐ. அறைக்கு வெளியே, டெக்னீஷியன் உட்காரும் கன்சோல் பக்கத்துச் சுவரில், உள்ளங்கையகலப் பெட்டி ஒன்று மாட்டியிருப்பதைப் பல ஸ்கேன் மையங்களில் பார்க்கலாம். திரையில் 20.9 என்ற எண் நின்றுகொண்டிருக்கும். உள்ளே இருக்கும் காற்றில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்பதை அது ஓயாமல் அளந்து சொல்கிறது.

ஸ்கேனுக்கும் ஆக்சிஜனுக்கும் நடுவே நிற்பது ஹீலியம். எம்.ஆர்.ஐ.யின் காந்தம் என்பது நியோபியம்-டைட்டானியக் கம்பிச் சுருள். மைனஸ் 269 டிகிரி செல்சியஸில் அந்தக் கம்பிக்கு மின்தடையே இருக்காது. ஒருமுறை ஏற்றிய மின்சாரம் வருடக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். அந்தக் குளிரில் வைப்பதற்காகச் சுமார் 1,500 லிட்டர் திரவ ஹீலியத்தில் சுருளை ஊறப்போட்டிருக்கிறார்கள். கம்பியில் எங்காவது ஓர் இடம் லேசாகச் சூடேறினால் போதும், அங்கே தடை திரும்பிவிடும். தடை வெப்பத்தைக் கிளப்ப, அது அடுத்த பகுதிக்குப் பரவும். ஒரு நிமிடத்துக்குள் காந்தம் அணைந்து, ஹீலியம் கொதித்துக் கிளம்பிவிடும். இதற்கு 'குவெஞ்ச்' என்று பெயர். இரும்புப் பொருளோடு யாராவது காந்தத்தில் சிக்கிக்கொண்டால், இதையே வேண்டுமென்று நடத்தவும் ஒரு பொத்தான் உண்டு.

ஒரு லிட்டர் திரவ ஹீலியம் அறை வெப்பநிலையில் ஏறத்தாழ 750 லிட்டர் வாயுவாகும். அத்தனையையும் கூரைக்கு மேலே கொண்டுபோய் விடத் தடித்த குழாய் ஒன்று இருக்கிறது. அது அடைபட்டாலோ, இணைப்பில் விரிசல் விட்டாலோ வாயு அறைக்குள் வரும். வீட்டுக்கு வரும் 20 லிட்டர் வாட்டர் கேனை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த அளவு திரவம் 100 கன மீட்டர் அறையில் கசிந்து கலந்தாலே, ஆக்சிஜன் 18 சதவீதத்துக்கு இறங்கிவிடும். காந்தத்துக்குள் இருப்பதோ அதைப்போல எழுபத்தைந்து மடங்கு.

இதில் பயங்கரம் என்னவென்றால், நம் உடம்புக்கு இது தெரியவே தெரியாது. மூச்சுத் திணறலை உண்டாக்குவது பெரும்பாலும் இரத்தத்தில் சேரும் கரியமில வாயுதான். ஹீலியம் நிறைந்த இடத்திலும் கரியமில வாயுவை வழக்கம்போல வெளியே விட்டுக்கொண்டுதான் இருப்போம். அதனால் திணறல் வராது, மணமும் இல்லை. ஆக்சிஜன் மிகவும் குறைந்துவிட்டால் ஓரிரு மூச்சிலேயே நினைவு தப்பலாம். 2018-இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒரு மருத்துவமனையில் புதிய எம்.ஆர்.ஐ. நிறுவும்போது ஹீலியம் கசிந்து கட்டடத்துக்குள் பரவியது. அதைக் காட்டிக்கொடுத்தவை மனிதர்களின் மூக்குகள் அல்ல. செயலிழந்துபோன சுமார் 40 ஐபோன்களும் ஆப்பிள் வாட்ச்சுகளும். அவற்றின் நேரங்காட்டும் நுண்சில்லுக்குள் ஹீலியம் புகுந்துவிட்டது. நல்லவேளை, அங்கே யாருக்கும் ஆபத்து நேரவில்லை.

ஆக்சிஜனை அளக்க ஓர் அழகான வழி உண்டு. ஆக்சிஜன் மூலக்கூறு காந்தத்தால் ஈர்க்கப்படும். இந்தக் குணத்தை வைத்து 1940-களின் தொடக்கத்தில் வேதியியலாளர் லைனஸ் பாலிங் நீர்மூழ்கிக் கப்பல்களுக்காக ஒரு கருவி செய்தார். ஆனால் அந்த வகைக் கருவிக்குள்ளேயே ஒரு காந்தம் இருக்கும் என்பதால், எம்.ஆர்.ஐ.யின் பிரமாண்டக் காந்தத்துக்கு அருகில் அது சரிப்படாது. அதனால் இங்கே பரவலாகப் பயன்படுவது சின்ன மின்வேதிக் கலம். காற்று ஒரு மெல்லிய சவ்வு வழியாக உள்ளே போகும்; ஆக்சிஜன் வினைபுரிந்து உள்ளிருக்கும் ஈயத்தை மெல்ல மெல்லத் தின்னும்; அப்போது பிறக்கும் மின்னோட்டம்தான் அளவு. ஈயம் தீர்ந்தால் கலத்தின் ஆயுளும் முடிந்தது, பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுகளில். சிர்க்கோனியா வகை சென்சார் இதைவிட நீண்ட நாள் உழைக்கும்.

சென்சாரை அறைக்குள் எங்கே மாட்டுவது என்பதில் கவனம் வேண்டும். ஹீலியம் காற்றைவிட இலேசு, கூரையடியில்தான் முதலில் சேரும். எனவே சென்சார் மேலே இருக்க வேண்டும். முதல் எச்சரிக்கையைப் பொதுவாக 19.5 சதவீதத்தில் வைக்கிறார்கள், அடுத்ததை 18-இல்.

அலாரம் அடித்தால் நோயாளியை வெளியே கொண்டுவருவதுதான் முதல் வேலை. அறையில் வாயு அழுத்தம் ஏறியிருந்தால், உள்பக்கம் திறக்கும் கதவைத் தள்ளித் திறப்பது நடக்காத காரியம்: ஒரு கிலோபாஸ்கல் அழுத்தமே இரண்டு சதுர மீட்டர்க் கதவின்மேல் 200 கிலோ எடை அழுத்துவதற்குச் சமம். அதனால்தான் கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி வைக்கிறார்கள், அல்லது அழுத்தம் வெளியேற வேறு வழி செய்கிறார்கள்.

ஏழே லிட்டர் ஹீலியத்தை முழுக்க அடைத்து வைத்த காந்தங்கள் இப்போது வந்துவிட்டன. அவற்றுக்குக் குவெஞ்ச் குழாயே தேவையில்லை. ஆனாலும் பழைய காந்தங்கள் இன்னும் பல வருடங்கள் ஓடும். எனக்குக் கவலை தருவது ஒன்றுதான்: மூப்படைந்த மின்வேதிக் கலம் அளவைக் குறைத்தே காட்டும். கசிவே இல்லாமல் அலாரம் கத்தும். தொல்லை தாங்காமல் யாராவது சத்தத்தை நிறுத்திவைப்பார்கள். பிறகு உண்மையாகவே கசியும்போது அது வாய் திறக்காது. கலத்தை மாற்ற வேண்டிய தேதியைப் பெட்டியின்மேல் ஒட்டி, அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஒருவர் பெயரில் எழுதிவைத்தாக வேண்டும்.