பலாவும் பட்டுப்பூச்சியின் இலையும்

பட்டு நெய்யும் அங்கத்தினர்களும் பலா வளர்க்கும் அங்கத்தினர்களும் தத்தம் தொழில் வேறு வேறென்றே எண்ணி வருகின்றனர். ஆயின், பட்டுப்புழுவுக்கு உணவாகும் முசுக்கட்டையும், அதாவது நாம் மல்பெரி என வழங்குவதும், பலாவும் ஒரே குடும்பத்து மரங்களாம். அத்தியும் ஆலும் அரசும் அக்குடும்பத்தனவே. கிள்ளினால் பால் வடிதலும், பல பூக்கள் கூடி ஒரு கனியாதலும் இவற்றின் இயல்பு. பலாச்சுளை ஒவ்வொன்றும் தனித்தனிப் பூவின் விளைவு. முசுக்கட்டைப் பழத்தின் சிறு மணிகளும் அவ்வாறே.

தாவர நூலார் பூவைக் கண்டு வகுத்த இவ்வுறவுக்கு, இலைக்குள்ளிருந்தே இன்னொரு சான்று கிடைத்துள்ளது. வெயிலைக் கொண்டு உணவு சமைக்கும் பச்சை நுண்ணுறுப்பைப் பசுங்கணிகம் என்பர். உயிரணுவின் உட்கருவில் உள்ளதற்குப் புறம்பாக, அதனுள் தனியானதொரு மரபு ஏடு உண்டு. 1986-இல் புகையிலையின் ஏடு முழுமையாகப் படிக்கப்பட்டது. 2006-இல் டில்லிப் பல்கலைக்கழகத்தார் கே-2 என்னும் முசுக்கட்டை வகையின் ஏட்டை வெளியிட்டனர். அதில் 1,58,484 எழுத்துக்கள். பலாவினது ஏறத்தாழ 1,60,000. நூற்றுக்கு மேற்பட்ட ஜீன்கள் இரண்டிலும் பெரும்பாலும் ஒரே வரிசையில் அமைந்துள்ளன. இந்த ஏடு மெல்லவே மாறுவதாதலால், வேறுபட்ட எழுத்துக்களை எண்ணி மரங்களின் நெடுங்கால உறவை அளக்கலாம்.

எனினும், பெரும்பாலான பூக்குந் தாவரங்களில் பசுங்கணிகம் தாய்வழியே விதைக்கு வருகிறது. மகரந்தம் தந்த மரத்துக்கு அந்த ஏட்டில் பெயரே இல்லை! மைக்ரோனீசியத் தீவுகளின் சீமைப்பலா வகைகள் பல, இரு இனங்கள் கலந்து பிறந்தவை. அக்கலப்பை அறிய உட்கருவின் மரபையும் பார்க்க வேண்டியதாயிற்று.

நம் தோட்டத்துப் பலாவுக்கும் இது பொருந்தும். அதன் பூவில் அயல் மரத்து மகரந்தம் எளிதில் சேர்கிறது. ஆதலால் தேன்சுளை தந்த மரத்தின் கொட்டையை நட்டால் அதே பழம் வருமென நம்புவதற்கில்லை. பல ஆண்டு நீர் வார்த்தபின் நார்ச்சுளை கண்டால் இழப்பு யாருடையது? ஒட்டுக்கன்றின் மேற்பகுதியோ தாய் மரத்தின் மரபை உள்ளபடி தாங்கி வரும். கன்று வாங்கும் அங்கத்தினர்கள் ஒட்டுக் கட்டிய இடத்தைக் காட்டச் சொல்லுக. தாய் மரம் எங்குள்ளதெனவும் வினவுக. நட்டபின் ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பதை அவ்வப்போது கிள்ளிவிட வேண்டும். அது வேறு மரத்தின் துளிர்.