கவாய் தீவின் 698 குழந்தைகள்

ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955-ல் பிறந்த 698 குழந்தைகளை, அவர்கள் தாய் வயிற்றில் இருந்தபோதே ஓர் ஆய்வு கணக்கில் எடுத்துக்கொண்டது. கரும்பு, அன்னாசித் தோட்டங்களை நம்பிப் பிழைத்த தீவு அது. ஜப்பானியரும் பிலிப்பினோக்களும் பூர்வகுடிகளும் அங்கே கலந்து வாழ்ந்தார்கள். உளவியலாளர்கள் எம்மி வெர்னரும் ரூத் ஸ்மித்தும் அந்தக் குழந்தைகளை நாற்பது வயதுவரை தொடர்ந்தார்கள்.

இவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்குத் தொடக்கமே சரியில்லை. வறுமை, பிரசவச் சிக்கல், குடிக்கு அடிமையான தகப்பன், மனநோயுள்ள தாய், ஓயாத சண்டை எனப் பல இன்னல்கள் இரண்டு வயதுக்குள்ளேயே சேர்ந்துவிட்டன. பெரும்பாலோர் பத்து வயதிலோ பதினெட்டிலோ படிப்பு, நடத்தை, மனநலம் ஆகியவற்றில் சறுக்கினார்கள். 72 பேர் மட்டும் சறுக்கவில்லை.

அந்த 72 பேருக்கும் சில பொதுவான சாயல்கள் இருந்தன. கைக்குழந்தையிலேயே பிறரை ஈர்க்கும் சுபாவம் அவற்றில் ஒன்று. அதைவிட முக்கியமானது, பெற்றோர் கைவிட்ட இடத்தில் வேறொருவர் நின்றது. பாட்டியோ அக்காவோ அண்டை வீட்டாரோ ஓர் ஆசிரியரோ, யாரேனும் ஒருவர் அந்தப் பிள்ளையை விடாமல் பார்த்துக்கொண்டார். தம்பி தங்கைகளைக் கவனிப்பது போன்ற வீட்டுப் பொறுப்புகளும் பலருக்கு இருந்தன. தன்னால் ஒரு வேலை நடக்கிறது என்று பிள்ளை உணர்வது சின்ன விஷயம் இல்லை.

1982-ல் வந்த நூலின் தலைப்பு இவர்களை 'வெல்லமுடியாதவர்கள்' என்றது. அந்த மிடுக்கு சற்றே அதிகம். சறுக்கியவர்களின் பின்கதையைப் படித்தால் அது புரியும். அவர்களில் பெரும்பாலோர் முப்பதுகளிலும் நாற்பதை நெருங்கும்போதும் நிமிர்ந்துவிட்டார்கள். பலருக்குச் சமுதாயக் கல்லூரி இரண்டாம் வாய்ப்பாக அமைந்தது. சிலருக்கு ராணுவப் பணி. நல்ல துணையும் இறைநம்பிக்கையும் வேறு சிலரைத் தூக்கிவிட்டன. மீள்திறன் குழந்தைப் பருவத்தோடு முடிந்துபோவதில்லை என்பதற்கு இந்த ஆய்வே வலுவான சான்று. 18 வயதில் ஒருவரைத் தேறாதவர் என்று முத்திரை குத்தியிருந்தால், அது பெரும்பாலும் பொய்த்திருக்கும்.

தொடக்கம் முதல் சறுக்காத 72 பேருக்கும் அந்த மீள்திறன் இலவசமாகக் கிடைக்கவில்லை. தழைத்து வளர்ந்தவர்களில் சிலர், பெற்றோரும் உடன்பிறந்தோரும் சிக்கிய தொல்லைகளிலிருந்து மனத்தளவில் விலகியே நின்றார்கள். வீட்டுத் தீ தம்மைத் தொடாதிருக்க அவர்கள் எடுத்துக்கொண்ட தூரம் அது.