மேலே பெய்த மழை, கீழே வந்த வெள்ளம்

1997 ஆகஸ்டு 12 அன்று அமெரிக்காவின் அரிசோனாவில், ஆன்டிலோப் என்னும் குறுகிய பாறைப் பிளவுக்குள் இறங்கியிருந்த சுற்றுலாப் பயணிகளில் 11 பேரை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. அவர்கள் நின்ற இடத்தில் சொல்லும்படியான மழை இல்லை. பல கிலோமீட்டருக்கு அப்பால் மேட்டு நிலத்தில் கொட்டிய மழையே அப்படி வந்து சேர்ந்தது. பாலைவனத்தில் வெள்ளம் என்றதும் எத்தனை மில்லிமீட்டர் பெய்தது என்றுதான் நாம் முதலில் கேட்கிறோம். எந்த நிலத்தின்மேல் பெய்தது, அந்த நிலம் எந்த வாசலை நோக்கிச் சரிகிறது என்பதையும் சேர்த்துக் கேட்காவிட்டால் அது பாதிக் கேள்விதான்.

ஓடைகள் எல்லாம் ஒரே வாய்க்குச் சென்று சேரும் நிலப்பரப்பை நீர்ப்பிடிப்புப் பகுதி என்கிறோம். அது நீண்டு ஒடுங்கியிருந்தால் அருகிலுள்ள ஓடைகளின் நீர் முன்னும் தொலைவிலுள்ளவை பின்னுமாக வரும். வெள்ளம் பல மணி நேரம் ஓடினாலும் உச்சம் தணிந்திருக்கும். வட்டமாக இருந்தால், தேர் பார்த்துத் திரும்பும் கூட்டம் நான்கு தெருவிலிருந்தும் ஒரே சந்துக்குள் நுழைவதுபோல, எல்லா ஓடைகளும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்து முட்டும். சரிவு செங்குத்தாகவும் பாறை மொட்டையாகவும் இருந்துவிட்டால் காட்டாறுதான்.

ஜோர்தானின் பெட்ரா நகரில் இதை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அங்கு வாழ்ந்த நபடேயர்கள் புரிந்துகொண்டிருந்தார்கள். நகருக்குள் நுழையும் சிக் என்ற பாறை இடுக்கு ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே நீளமானது. சில இடங்களில் மூன்று மீட்டர்தான் அகலம். மலைச்சரிவுகளின் நீரைத் திரட்டிவரும் வாடி மூசா ஓடை நேராக அதன் வாயிலுக்கே வருகிறது. அங்கே ஓர் அணை கட்டி, பாறையைக் குடைந்து, நீரை வேறு பள்ளத்துக்குத் திருப்பிவிட்டார்கள். எவ்வளவு மழை வரும் என்று கணிக்க அவர்களிடம் கருவி கிடையாது. நீர் எந்த வழியாக வரும் என்பது தெரிந்திருந்தது. அந்த ஏற்பாடு சிதைந்து கிடந்த 1963 ஏப்ரலில், சிக்கினுள் புகுந்த வெள்ளத்தில் 20-க்கும் மேற்பட்ட பிரெஞ்சுப் பயணிகள் மாண்டனர். அதன் பிறகுதான் அணை மீண்டும் எழுந்தது.

மணல் நீரைக் குடித்துவிடாதா என்று கேட்கலாம். ஆழமான மணல்மேடு குடிக்கும். ஆனால் பாலைவனத்தின் பெரும்பகுதி பாறையும் சரளையும் இறுகிய மேல்தோல் படிந்த மண்ணும்தான். மணலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2006 ஆகஸ்டில் ராஜஸ்தானின் பார்மேர் மாவட்டத்தில், ஓர் ஆண்டு முழுவதும் பெய்வதைவிட அதிகமான மழை சில நாட்களில் கொட்டியது. கவாஸ் கிராமம் கிண்ணம்போன்ற தாழ்வில் இருக்கிறது; கீழே ஜிப்சம் படிவம். வடியவும் வழியில்லை, இறங்கவும் வழியில்லை. இங்கே சரிவு செங்குத்தே அல்ல, ஓட்டத்தின் வேகமும் பிரதானமல்ல. ஆனாலும் ஆளைக் கொல்லும் வெள்ளம். அப்படியொரு மழை பெய்தால் எந்த ஊர்தான் தாங்கும் என்ற வாதம் நியாயமானதுதான். மழை இல்லாமல் வெள்ளம் இல்லை. ஆனால் அந்த மழை கவாசுக்கு மட்டும் பெய்யவில்லை. சுற்றுவட்டாரத்து நீரெல்லாம் தாழ்வை நோக்கி ஓடிவந்து அங்கே ஏரியாகத் தேங்கியது. மழை ஓய்ந்து மாதக்கணக்கான பின்னும் வற்றவில்லை.