கெடு தாண்டினால் சிவப்பு

ஒரு நூலகத்தின் இரவல் கணக்கு மைக்ரோசாப்ட் அக்செஸில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தொடர் படிவத்தைத் திறந்தால் வரிக்கொரு புத்தகம்: தலைப்பு, வாங்கியவர், கெடு தேதி, திருப்பிய தேதி. இருநூறு வரிகளில் கெடு தாண்டியவை எவை என்று விரல் வைத்துத் தேட வேண்டியதில்லை. அந்தப் பெட்டிகளை மட்டும் சிவப்பாக்கிக் காட்டப் படிவத்துக்கே தெரியும். கண்டிஷனல் ஃபார்மேட்டிங் எனப்படும் நிபந்தனை வடிவமைப்பு இதற்காகத்தான்.

அக்செஸ் 2000-க்கு முன்பு இதற்கு நிரல் எழுத வேண்டும். தொடர் படிவத்தில் அதுவும் பலிக்காது. ஒரு வரியைச் சிவப்பாக்கினால் எல்லா வரியும் சிவந்துவிடும். காரணம், திரையில் இருநூறாகத் தெரிவது உண்மையில் ஒரே பெட்டி. முத்திரைக் கட்டையை வரிவரியாகக் குத்துவதுபோல அக்செஸ் அதையே திரும்பத் திரும்ப வரைகிறது. நிபந்தனை வடிவமைப்போ ஒவ்வொரு பதிவையும் வரையும்போதே தனித்தனியாகச் சோதிக்கிறது. தொடக்கத்தில் ஒரு பெட்டிக்கு 3 நிபந்தனைகளே அனுமதி. 2010 பதிப்பில் அது 50 ஆனது.

விதி எழுதுவதில்தான் கவனம் வேண்டும். 'கெடு தேதி இன்றைக்கு முந்தியது' என்று மட்டும் எழுதினால், எப்போதோ திரும்பி வந்த புத்தகங்களும் சிவக்கும். 'திருப்பிய தேதி காலி' என்பதையும் சேர்க்க வேண்டும். ஆகவே ஒரு புலத்தின் மதிப்பை மட்டும் பார்க்கும் விதி போதாது; பல புலங்களைச் சேர்த்துப் பார்க்கும் எக்ஸ்பிரஷன் விதி தேவை. காலியான புலத்தைச் சமக்குறி போட்டு, காலி என்பதைக் குறிக்கும் 'நல்' (Null) உடன் ஒப்பிடக் கூடாது, அந்த ஒப்பீடு ஒருபோதும் உண்மையாகாது. 'இஸ்நல்' என்ற செயற்கூறுதான் சரி.

விதிகளின் வரிசையும் முக்கியம். மேலிருந்து கீழாகப் பார்த்து, முதலில் பொருந்தும் விதியோடு அக்செஸ் நின்றுவிடும். 'கெடு தாண்டியது மஞ்சள்' மேலேயும் '30 நாள் தாண்டியது சிவப்பு' கீழேயும் இருந்தால் சிவப்பு வரவே வராது. கடுமையான விதி மேலே இருக்கட்டும்.

வரி முழுவதும் நிறம் மாற, எல்லா உரைப்பெட்டிகளையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து அதே விதியைக் கொடுக்கலாம். டிக் அடிக்கும் பெட்டிகளுக்கு இந்த வசதி கிடையாது.

சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்கள், குறிப்பாக ஆண்களில், கணிசமாக உண்டு. உங்கள் படிவத்தை அவர்களும் திறப்பார்கள். நிறத்தோடு தடித்த எழுத்தையும் விதியில் சேர்த்துவிடுங்கள்.