உயிருள்ள கற்கள்

விழுப்புரத்துக்கும் செஞ்சிக்கும் இடையே உள்ள சிற்றூர் மண்டகப்பட்டு. 7-ஆம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மப் பல்லவர் பாறையைக் குடைந்து அமைத்த கோயில் அங்கே உள்ளது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகிய நான்கும் இன்றி எழுந்த கோயில் இது என்று அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. அப்படியானால், ஒரு பங்கின் உயிர் கட்டடத்திலா இருக்கிறது? நம் வட்டாரத் திருச்சபையின் வரலாறு இதற்கு விடை தருகிறது.

1773-இல் இயேசு சபை கலைக்கப்பட்டது. 1776-இல் பாரிஸ் வேதபோதக சபையார் புதுச்சேரி மிஷன் பொறுப்பை ஏற்றனர். 1789-இல் பிரெஞ்சுப் புரட்சி எழவே, அங்கிருந்து குருக்கள் வருவதும் அரிதாயிற்று. ஊர்கள் பல, குருக்களோ சிலர். அந்நாளில் ஜெபம் நடத்தி, சிறுவருக்கு ஞானோபதேசம் கற்பித்து விசுவாச விளக்கை அணையாது காத்தவர்கள் உபதேசியார்களே.

1844-இல் ஆயர் போனான் காலத்தில் புதுச்சேரியில் குருக்களின் மாமன்றம் கூடியது. இந்நாட்டவரையே குருக்களாக உருவாக்க வேண்டும், கல்வியைப் பரப்ப வேண்டும் என்று அது வலியுறுத்தியது. அதே ஆண்டில் துப்புயி அடிகளார், பெண்களுக்குக் கல்வி புகட்டவென்றே மரியாயின் மாசற்ற இருதய பிரான்சிஸ்கன் கன்னியர் சபையைத் தொடங்கினார். பெண்ணுக்குப் படிப்பெதற்கு என்று கேட்ட காலம் அது! தளர்ந்த திருச்சபைக்குப் புத்துயிர் தேடியவர்கள், பெண்பிள்ளைகளின் கையில் புத்தகத்தைக் கொடுத்தனர் என்பதை நாம் மறக்கலாகாது.

1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம், திருச்சபை என்பது இறைமக்கள் அனைவருமே என்று தெளிவுபடுத்தியது. அவ்வழியில் பிறந்தவையே அன்பியங்கள். அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடி இறைவார்த்தையை வாசித்து, நோயாளிகளையும் வறியோரையும் விசாரித்து, ஆவன செய்கின்றன. பங்குக் குரு ஒருவரே சுமந்த பாரத்தைப் பலரும் பகிர்ந்துகொள்கின்றனர்.

ஆயினும் எச்சரிக்கை தேவை. அன்பியம் தெருவாரியாக அமைவது. தெருவே சாதியின் பெயரால் பிரிந்திருக்கும் ஊரில், அன்பியமும் சாதிக் கூட்டமாகிவிடக் கூடும். பெண்கள் பாய் விரித்து அமர, ஆண்களே முடிவெடுப்பதும் முறையன்று. இவ்விரண்டும் நீங்கினால்தான் அது மெய்யான அன்பியம்.

தோழியரே, விடுமுறையில் நம் ஊர்களுக்குச் செல்லும்போது வாசகம் வாசிப்போம். சிறுவருக்கு மறைக்கல்வி கற்பிப்போம். அடுத்த தெருவாரையும் அன்போடு அழைத்து வருவோம். நாமன்றோ அக்கோயிலின் உயிருள்ள கற்கள்!